மேல்மலைத் தீயும் உலக நாடுகளின் கூட்டு முயற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்தால் எங்கள் பக்கம் எல்லோருடைய கண்ணும் மலைமுகட்டில்தான் இருக்கும். நான் கொடைக்கானல் மேல்மலைக்காரன். வீட்டில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம், தீக்காலம் வந்தால் வனத்துறை ஆட்களோடு ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து தீ அடிக்கப் போகிறோம். அப்படிப் போய்வந்த பிறகுதான் மற்ற நாடுகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், ஒரு நாட்டுக்கு இன்னொரு நாடு என்ன உதவி செய்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். டீக்கடையிலும் பேருந்திலும் போனிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று இது.

ஜெனீவாவில் உட்கார்ந்து பேசுவதற்கும் பூம்பாறை மலையில் பிடிக்கிற தீக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஒரு தீயை எடுத்துக்கொள்வோம். மன்னவனூர் பக்கம் ஒரு சரிவில் மதியம் புல் பற்றுகிறது. மனிதக் கண்ணுக்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது பல நேரம் அமெரிக்கச் செயற்கைக்கோள். அந்தத் தரவை ஐதராபாத் பக்கத்தில் ஷாத்நகரில் இருக்கும் நம் நாட்டு நிலையம் வாங்குகிறது, டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை வரைபடத்தோடு பொருத்திக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. இன்றைக்குத் தீ பிடித்தால் எவ்வளவு ஆபத்து என்று வெயில், காற்று, ஈரம் எல்லாவற்றையும் வைத்துக் கணிக்கிற முறை கனடாவில் பிறந்தது. எரிகிற மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வாட்டில் என்கிற சீகையாகவோ மெக்சிகோவிலிருந்து வந்த பைனாகவோ இருக்கும். தீ கைமீறிப் போனால் ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்கிக்கொண்டு வருகிற தண்ணீர் வாளியும் கனடாக்காரர்கள் கண்டுபிடித்ததுதான்.

இத்தனையும் வந்து சேர்ந்த பிறகு தீக்கு முன்னால் யார் நிற்கிறார்? காலில் ரப்பர் செருப்பும் கையில் பச்சைத்தழைக் கொப்புமாக ஒரு தீத்தடுப்புக் காவலர். நாடுகளின் ஒத்துழைப்பு என்று நான் சொல்வது செயற்கைக்கோளில் தொடங்கி அந்தக் கொப்பு வரைக்கும் நீளுகிற சங்கிலியைத்தான். அது பெரும்பாலும் அறுந்துபோவது கடைசிக் கண்ணியில். கீழே நான் சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

செண்டாய், செண்டாய் என்கிறார்களே, அது என்ன?

ஜப்பானில் ஒரு ஊர். 2015 மார்ச்சில் ஐ.நா. மாநாடு அங்கே நடந்தது. பேரிடர் வந்த பிறகு ஓடுவதை விட, வருவதற்கு முன்பே ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகள் ஒத்துக்கொண்டு ஒரு செயல்திட்டம் எழுதின. அதற்கு 2030 வரை காலம். இதற்கு முந்தைய திட்டம் 2005 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரில் உருவானது, அதாவது நம் கடற்கரையைச் சுனாமி அடித்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் நினைத்தால் அந்த அவசரம் புரியும்.

செண்டாய் திட்டத்தில் ஏழு இலக்குகள். உயிரிழப்பைக் குறைப்பது, பொருள் இழப்பைக் குறைப்பது என்று போகும். அதில் மூன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும். ஒன்று, தேசிய அளவிலும் உள்ளூர் அளவிலும் ஆபத்தைக் குறைக்கத் திட்டம் இருக்க வேண்டும். இன்னொன்று, வளரும் நாடுகளுக்கு மற்ற நாடுகள் உதவுவது அதிகமாக வேண்டும். கடைசியாக, முன்னெச்சரிக்கை மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். "போய்ச் சேர வேண்டும்" என்பதை நான் அழுத்திப் படிக்கிறேன். எச்சரிக்கை கிளம்பினால் மட்டும் போதாது. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஆவணம் என்பது உண்மைதான், ஆனால் நம் நாடு அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் பேரிடர் மேலாண்மைத் திட்டமும் போடுகிறார்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இந்தியா இதிலெல்லாம் சும்மா கையெழுத்துப் போடுகிற நாடுதானா?

இல்லை. 2023-ல் ஜி20 தலைமை நம்மிடம் இருந்தபோதுதான் பேரிடர் ஆபத்தைக் குறைப்பதற்கென்று அதில் தனிக்குழு முதன்முதலாக அமைந்தது. அதன் மூன்றாவது கூட்டம் அந்த வருடம் ஜூலையில் சென்னையில் நடந்தது. 2025 ஜூனில் கனடாவின் கனனாஸ்கிஸில் ஜி7 நாடுகள் காட்டுத்தீக்கென்றே ஒரு சாசனம் வெளியிட்டன, இந்தியாவும் அதை ஆமோதித்தது. 2023 தொடக்கத்தில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை அங்கே போய் இடிபாடுகளுக்குள் ஆட்களைத் தேடியது. நாம் வாங்குகிற நாடு மட்டும் இல்லை.

செயற்கைக்கோள் எச்சரிக்கை எனக்கும் வருமா? அதை எவ்வளவு நம்பலாம்?

வரும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைத் தளத்தில் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்தால் குறுஞ்செய்தி வரும், கட்டணம் கிடையாது. 2004-லிருந்து இந்த வேலை நடக்கிறது. முதலில் நாசாவின் மோடிஸ் என்ற கருவி மட்டும்தான், அதற்குத் தரை ஒரு கிலோமீட்டர் கட்டமாகத்தான் தெரியும். 2017-லிருந்து விர்ஸ் என்ற கருவியின் தரவும் சேர்ந்தது. அது 375 மீட்டர் கட்டம். நாசாவே உலகம் முழுவதுக்குமான தீப்புள்ளிகளை மூன்று மணி நேரத்துக்குள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இலவசமாக வைத்திருக்கிறது. இதை விடப் பெரிய ஒத்துழைப்பு எதுவென்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ செலவழித்து ஏவிய செயற்கைக்கோள், எங்கள் மேல்மலையில் கிளாவரையில் இருக்கிற ஒருவர் காசு கொடுக்காமல் பார்க்கிறார்.

நம்பலாமா என்றால், எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். விர்ஸ் சுமக்கிற செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் போவது மதியம் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும். மூன்று மணிக்குப் பற்றுகிற தீ அடுத்த சுற்று வரை அதன் கண்ணில் படாது. மேகமோ கடும் மூட்டமோ இருந்தால் தெரியாது. அப்புறம், சமவெளியில் 375 மீட்டர் ஒரு வயலின் நீளம், நம் மலையில் அது ஒரு முழுப் பள்ளத்தாக்கு.

ஒரு பங்குனி இரவு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டரை மணிக்குப் போன் அதிர்ந்தது, அட்சரேகை தீர்க்கரேகையோடு ஒரு புள்ளி. எழுந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு டார்ச் அடித்து நடந்தோம், முக்கால் மணி நேரம். புள்ளி காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, பனி மட்டும்தான். திரும்பலாம் என்று நினைத்தபோது கூட வந்த பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "தம்பி, கீக்காத்துல வாசம் வருது, மேட்டுக்கு அந்தாண்ட பாரு" என்றார். மேடேறிப் பார்த்தால் மறுபக்கச் சரிவில் பைன் சருகுக்குள் கங்கு ஊர்ந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோள் சொன்னது உண்மை, ஆனால் மலைக்கு இந்தப்பக்கம் என்று சொல்லிவிட்டது. செயற்கைக்கோளும் பெரியவர் மூக்கும் சேர்ந்ததால்தான் விடிவதற்குள் அணைத்தோம்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. ஒரு வருடம் குறுஞ்செய்தி பொறுப்பான அலுவலகத்துக்குச் சரியாகப் போயிருக்கிறது, ஆனால் அதை வாங்க வேண்டியவருடைய போனுக்கு மலையில் சிக்னலே இல்லை, அடுத்த நாள் காலையில்தான் பார்த்தார்கள். அதற்குள் ஒரு முழுச் சரிவும் போய்விட்டது. அந்தக் கறுப்புச் சரிவைப் பார்த்துக்கொண்டே நடந்த நாளில்தான் கடைசிக் கண்ணியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

பெரிய தீ வந்தால் வெளிநாட்டுத் தீயணைப்பு வீரர்கள் இங்கே வருவார்களா?

இப்போதைக்கு அப்படி எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மற்ற இடங்களில் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

2023-ல் கனடாவில் வரலாறு காணாத தீ, ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் கொரியா, பிரான்ஸ், மெக்சிகோ, கோஸ்டாரிகா என்று பத்துக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள். தென்னாப்பிரிக்கர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் வட்டமாக நின்று பாடி ஆடியதை நிறையப் பேர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் 2019-20 கோடையில் ஆஸ்திரேலியா எரிந்தபோது 33 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களில், 2020 ஜனவரி 23 அன்று தீயணைப்பு விமானம் விழுந்து இறந்த மூன்று அமெரிக்கர்களும் உண்டு. வேறொரு நாட்டுக் காட்டைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர்கள். ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்கு முதலில் அவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பல நாட்டு ஆட்கள் எப்படி ஒரே தீயில் வேலை செய்ய முடிகிறது? எல்லோரும் ஒரே கட்டளை முறையைப் படித்திருக்கிறார்கள். 1970-ல் கலிபோர்னியாவில் பெருந்தீ வந்தபோது பல துறைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள முடியாமல் தவித்தன, அதற்குப் பிறகு உருவானதுதான் அந்த முறை. யார் தலைவர், யார் திட்டம், யார் சாப்பாடு தண்ணீர், யார் வாகனம், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-ல் அதை நம் நாட்டு நிர்வாகத்துக்குத் தகுந்தபடி வழிகாட்டுதலாக வெளியிட்டது. ஆள் வராவிட்டாலும் முறை வந்துவிட்டது. ஒரு தீயிடத்தில் வனத்துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை, ஊர்க்காரர்கள் எல்லோரும் நின்று ஆளுக்கொன்று கத்துவதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விமானம் நிறைய ஆள் வருவதை விட இது நமக்கு உபயோகம்.

ஹெலிகாப்டர் வந்தால் போதாதா?

2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் தீ நாள்கணக்கில் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. நீலகிரிக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து ஊற்றுகிற தண்ணீர் தீயின் சூட்டைத் தணிக்கும், கொழுந்தைத் தாழ்த்தும், ஆட்கள் நெருங்க வழி செய்யும். அணைத்து முடிப்பது தரையில் நிற்கிறவர்கள்தான். சருகு மெத்தைக்கு அடியில், பட்ட மரத்தின் வேருக்குள் கங்கு உட்கார்ந்திருக்கும். மண்வெட்டியால் கிளறி, மண்ணைப் போட்டு மூடி, கையைக் கிட்டே வைத்துச் சூடு பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் இறங்கினால் மறுநாள் பதினொரு மணிக் காற்றில் மறுபடி எழும். இதுவரை நான் பார்த்த மறுதீ அத்தனையும் இப்படி வந்ததுதான்.

இந்த மரங்கள்தானே காரணம்? தைலமும் சீகையும் பைனும்?

ஒரு பெரிய காரணம். நம் மலையின் இயல்பு சோலையும் புல்வெளியும். மடிப்புகளில் ஈரம் குடித்துக்கொண்டிருக்கிற சோலைக்குள் தீ சுலபத்தில் போகாது, ஓரத்தில் வந்து நின்றுவிடும். புல்வெளி எரியும், ஆனால் வேகமாக எரிந்து முடிந்து மழைக்கு மறுபடி துளிர்க்கும். தைலமரம் நீலகிரிக்கு 1840-களில் வந்தது, அப்புறம் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று தைலம், சீகை, பைன் மூன்றையும் புல்வெளிமேல் அடர்த்தியாக நட்டார்கள். தைல இலையில் எண்ணெய், உரிந்து தொங்குகிற பட்டையில் பற்றினால் அது பறந்து போய் அடுத்த சரிவில் விழும். பைன் சருகு மண்ணை மூடிப் பஞ்சு மாதிரி கிடக்கும். சீகையின் விதைக்குச் சூடு பட்டால்தான் நன்றாக முளைக்கும், அதனால் ஒரு தீ போன இடத்தில் அடுத்த மழைக்கு முன்னை விட நெருக்கமாக வரும். கீழ்மலையிலும் முதுமலையிலும் உண்ணிச்செடி. அது பச்சையாக இருக்கும்போது தெரியாது, வறட்சியில் காய்ந்து தரைத் தீயை மரத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுகிற ஏணி ஆகிவிடும்.

இங்கேதான் மற்ற நாட்டு அனுபவம் உதவுகிறது. போர்ச்சுகல் காட்டில் இன்று அதிகம் இருக்கிற மரம் தைலமரம்தான். 2017-ல் ஒரே வருடத்தில் ஜூனிலும் அக்டோபரிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே தீயில் இறந்தார்கள், பலர் இரு பக்கமும் மரம் சூழ்ந்த சாலையில் காருக்குள்ளேயே. ஹவாயின் மாவி தீவில் 2023 ஆகஸ்டில் லஹைனா ஊர் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்ததற்கும், கைவிட்ட தோட்டங்களில் மண்டிய ஆப்பிரிக்கப் புல் ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவந்த தாவரத்தை நட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்டது நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. வேலை நடக்கிறது, மெதுவாக. வெட்டின மரத்தைக் காட்டுக்குள்ளேயே குவித்துவிட்டுப் போவதை மட்டும் தயவுசெய்து யாரும் அனுமதிக்காதீர்கள், அது அடுத்த வருடத்துக்கான விறகு.

எங்கள் தாத்தா காலத்தில் தையிலேயே புல்லுக்குத் தீ வைப்பார்கள், பெருந்தீ வந்ததே இல்லை. இப்போது வைத்தால் குற்றம் என்கிறார்கள். எது சரி?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்து வனச் சட்டம் தீ என்றாலே விரோதி என்று பார்த்தது. மரம் அவர்களுக்கு வருமானம். மலைமக்கள் அளவாக வைத்த தீயும் அதில் குற்றமாகிவிட்டது. பக்கத்தில், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர்கள், சருகு காய்ந்து அதிகம் சேர்வதற்கு முன்பே, பருவத் தொடக்கத்தில் தரையோடு ஊர்கிற சின்னத் தீ வைப்பது வழக்கம். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி மண்டியது என்று அவர்கள் சொல்கிறார்கள், அதை ஆராய்ச்சியாளர்கள் பதிவும் செய்திருக்கிறார்கள்.

இதே கதைதான் ஆஸ்திரேலியாவின் வடக்கிலும். அங்கே பழங்குடி மக்களை நிலத்திலிருந்து நகர்த்திய பிறகு, வறட்சியின் கடைசியில் பெருந்தீ வழக்கமாகிவிட்டது. 2006-லிருந்து மேற்கு ஆர்ன்ஹெம் லாண்டில் அவர்களையே திரும்ப அழைத்து, வறட்சியின் தொடக்கத்தில், தரையில் இன்னும் ஈரம் இருக்கும்போது திட்டுத்திட்டாகக் குளிர்ந்த தீ வைக்கச் செய்தார்கள். பின்னால் வருகிற பெருந்தீ குறைந்தது, புகை குறைந்த கணக்குக்குப் பணமும் வந்தது. அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. வட ஆஸ்திரேலியாவின் பழங்குடி வனக்காவலர்கள் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குப் போய், அங்கே இதே மாதிரித் தீ அறிவு கொண்ட ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசி, சேர்ந்து தீ வைத்துக் காட்டினார்கள். அதிகாரியும் அதிகாரியும் பேசுவதைத் தாண்டி, தீயோடு வாழ்கிறவரும் தீயோடு வாழ்கிறவரும் பேசினார்கள். நம் பளியர், புலையர், இருளர், குறும்பர், தோடர் பெரியவர்களை அப்படி ஒரு மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, அப்படியானால் நாளைக்கே தீ வைக்கலாமா? கூடாது. வனச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். தாத்தா காலத்துப் புல்வெளி இப்போது இல்லை என்பது அதை விடப் பெரிய காரணம். அவர் வைத்த தீ புல்லோடு நின்றது, இன்றைக்கு அதே இடத்தில் வைத்தால் பத்தடியில் பைன் சருகு. வனத்துறை, பழங்குடிப் பெரியவர்கள், ஆராய்ச்சியாளர்கள் மூவரும் சேர்ந்து சின்னச் சின்னத் திட்டில் முயன்று பார்க்க வேண்டிய விஷயம். முதுமலையில் 1988-லிருந்து இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேர் காட்டை மரம் மரமாக எண்ணி, எந்த வருடம் தீ வந்தது, எது செத்தது, எது துளிர்த்தது என்று குறித்து வருகிறார்கள். உலகம் முழுக்க இருக்கிற காட்டு ஆய்விடங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. தீயைப் பற்றிப் பேச அந்த மாதிரிக் கணக்கு வேண்டும்.

தீ கேரளாவிலிருந்து வந்தால் யார் பொறுப்பு?

கிளாவரைக்கு அந்தப்பக்கம் கேரளாவின் வட்டவடை. தீக்கு எல்லைக்கல் தெரியாது. முதுமலை, பந்திப்பூர், வயநாடு மூன்றும் ஒட்டிக்கிடக்கிற நீலகிரியிலும் இதே நிலைமை. 1986-ல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவித்தபோது மூன்று மாநிலக் காடுகளையும் ஒன்றாக வைத்துத்தான் அறிவித்தார்கள், 2000-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. காகிதத்தில் ஒரே காடு.

எல்லைதாண்டிய தீயில் தென்கிழக்கு ஆசியாவின் அனுபவம் பெரியது. இந்தோனேசியாவில் கரிச்சதுப்பு நிலம் எரிந்தால் சிங்கப்பூரும் மலேசியாவும் மூச்சுத் திணறும். 2002-ல் ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் தீ அதிகம் பிடிக்கிற இந்தோனேசியா அதை உறுதிசெய்ய 2014 ஆகிவிட்டது, 2015-ல் மறுபடி கடும் புகை. கையெழுத்துக்கும் தரைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். நமக்கு நான் கேட்பது சின்ன விஷயம்: எல்லை ஓரத்தில் இரண்டு பக்கத்துச் சரகத்திலும் யாரைக் கூப்பிடுவது என்ற போன் எண்கள் இரண்டு பக்கத்துக் காவலர்களின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும், தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் நீக்குகிற தீத்தடுப்புக் கோடுகளை இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் விட்டால் வெட்டியதும் வீண்.

பணம் எதற்குப் போக வேண்டும்?

தீ வருவதற்கு முன்னால். 2022-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, கடும் தீ நிகழ்வுகள் 2030-க்குள் 14 சதவீதம் வரையும், 2050-க்குள் 30 சதவீதம் வரையும் கூடலாம் என்று கணித்தது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு திட்டமிடல், தடுப்பு, தயாரிப்பு, மீட்சிக்கும், ஒரு பங்கு அணைப்பதற்கும் போகட்டும் என்றும் சொன்னது. போர்ச்சுகல் 2017 வரை இதற்குத் தலைகீழாக, ஐந்தில் ஒரு பங்குதான் தடுப்புக்குச் செலவழித்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு தனி அமைப்பு உருவாக்கி அதைப் பாதியளவுக்குக் கொண்டுவந்தார்கள். 2023 மே மாதம் ஐ.நா.வின் உலகத் தீ மேலாண்மை மையம் அறிவிக்கப்பட்டதும் அதே போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில்தான்.

நம் பக்கத்துக்கு வந்தால், என் கணக்கு எளிமையானது. தீத்தடுப்புக் காவலர்களுக்கு நல்ல பூட்ஸ், பருத்தித் துணியில் முழுக்கை உடுப்பு, இலை ஊதும் இயந்திரம், தண்ணீர்ப்பை, வாக்கி டாக்கி. தீக்காலம் முழுக்கத் தாமதமில்லாத சம்பளம். காப்பீடு. இது ஆடம்பரம் இல்லை.

குரங்கணி மாதிரி மறுபடி நடக்குமா?

2018 மார்ச் 11. போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுக்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அன்று ஆளுயரப் புல் காய்ந்து நின்றது, சரிவு செங்குத்து. மேல்நோக்கி ஏறுகிற தீ முன்னால் இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும், அதனால் சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் வேகம் இரட்டிப்பாகும் என்று கணக்குச் சொல்வார்கள். மனிதன் ஏறுகிற வேகம் சரிவு கூடக் கூடக் குறையும். இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். மூடிய பாதையில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். எங்கள் ஊருக்கு வாருங்கள், மழை முடிந்து வாருங்கள்.

தீயைப் பார்த்தால் நான் என்ன செய்ய?

112 அல்லது 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. வாட்ஸப்பில் படம் போடுவது அப்புறம். எங்கே என்று சொல்லும்போது ஊர்ப்பெயர் மட்டும் போதாது. எந்த வளைவு, எந்தக் கோயில், சாலைக்கு மேலா கீழா, புகை எந்தப்பக்கம் சாய்கிறது என்று சொல்லுங்கள். நடந்துபோகும்போது மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் நகர்ந்து இறங்கப் பாருங்கள். ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, பாறை, ஓடை இவைதான் ஒதுங்குகிற இடம். நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டும், காட்டுக்குப் போகும்போது பருத்தி போடுங்கள். வருகிற தீயைத் தடுக்க அதற்கு எதிரே வைக்கிற எதிர்த்தீயைப் பயிற்சி இல்லாதவர்கள் வைக்கப் போகக் கூடாது, ஒருபோதும்.

தீ அணைந்த பிறகு வேலை முடிந்ததா?

இல்லை. எரிந்த சரிவில் வேர்ப்பிடிப்பு போய்விடும், மேல்மண்ணில் தண்ணீர் இறங்காது. முதல் கோடை மழையிலேயே சாம்பலும் மண்ணும் ஓடைக்கு வரும், நம் குடிநீரில் கலக்கும், ஐப்பசி அடைமழையில் சரிவே இறங்கலாம். தீக்கும் மண்சரிவுக்கும் தனித்தனித் துறை, தனித்தனிக் கோப்பு என்று இருந்தாலும், மலைக்கு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற நோய். செண்டாய் திட்டம் ஆபத்துகளைச் சேர்த்துப் பார் என்று சொல்வது இதைத்தான்.

ஊர் அளவில் உடனே செய்யக்கூடியது ஏதாவது?

ஜனவரி 26 கிராம சபை. தை பாதியை நெருங்கியிருக்கும், உறைபனியில் புல் கருகியிருக்கும், தீக்காலம் இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது. எங்கள் ஊரில் மூன்று விஷயத்தைத் தீர்மானமாகக் கேட்கிறோம்: ஊரைச் சுற்றியும் சாலை ஓரமும் தீத்தடுப்புக் கோடு எந்தத் தேதிக்குள் வெட்டுவார்கள், தீக்காலத்தில் தோட்டத்துக் களையை எரிக்காமல் மட்க வைக்க எல்லோரும் ஒத்துக்கொள்கிறோமா, செயற்கைக்கோள் குறுஞ்செய்தி ஊரில் எந்த ஐந்து பேருடைய போனுக்கு வர வேண்டும். அந்த ஐந்து பேரும் சிக்னல் கிடைக்கிற வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்கிறோம்.